கழிவுப் புகையில் பிறந்த வேகம்

உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லியிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ரயில் நடுவழியில் ஏதோ ஒரு சிறு நிலையத்தில் நிற்கும். கைகாட்டி இறங்கியதும் முன்னேயுள்ள டீசல் எஞ்சின் ஒரு முறை உறுமும். அதன் முதுகிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று எழும். வண்டியோ மெல்லத்தான் அசையும். சில விநாடிகள் கழிந்தபின் உறுமலோடு சீழ்க்கை போன்றதொரு மெல்லிய ஓசை வந்து சேரும், புகை வெளுக்கும், வண்டி வேகம் பிடிக்கும்.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாராணசியில் கட்டப்பெற்ற 2,600 குதிரைச் சக்தி டீசல் எஞ்சின்கள் பல்லாண்டுகள் நம் நெடுந்தூர ரயில்களை இழுத்தன. அவற்றின் சீழ்க்கை ஒலியை எழுப்பிய கருவிக்கு டர்போசார்ஜர் என்று பெயர். எஞ்சினுக்கு மிகுதியான காற்றை ஊட்டுவது அதன் தொழில். ஓட்டுநர் பிடியைத் தள்ளியவுடன் எண்ணெய் வந்துவிடும். காற்று வரச் சில விநாடிகள் ஆகும். காற்றுப் போதாமல் எரிந்த எண்ணெயே அந்தக் கரும்புகை. இந்தச் சில விநாடித் தாமதத்தை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்போது நாம் காணப் போகும் வரலாற்றின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. அது ரயிலின் வரலாறு அன்று. பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களில் இதே கருவியைப் பூட்டி, உப்புப் பாலைவனத்திலே உலக சாதனை செய்தவர்களும், அதையே தெருவிலே ஓட்டிப் பார்த்தவர்களும் கண்ட நன்மை தீமைகளின் வரலாறு.

முதலில் கருவியின் தத்துவத்தைப் பார்ப்போம். பெட்ரோல் தானாக வலிமை தருவதில்லை. காற்றோடு கலந்து எரியும்போதுதான் தருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஆகவே எஞ்சினின் வலிமை என்பது அது உள்ளிழுக்கும் மூச்சின் அளவுதான். பெரிய ஸிலிண்டர் பெரிய மூச்சு வாங்கும். சிறிய ஸிலிண்டரையும் பெரிய மூச்சு வாங்கச் செய்ய வேண்டுமானால், காற்றை அழுத்தி உள்ளே புகுத்த வேண்டும். கொல்லனுடைய உலைக்களத்தில் துருத்தி செய்யும் வேலை இதுவே. கரி அதே கரிதான். துருத்தி ஊத ஊத நெருப்பின் சீற்றம் கூடுகிறது.

எஞ்சினுக்குத் துருத்தி பூட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் சுழலும் தண்டிலிருந்தே பல்சக்கரத்தாலோ பட்டையாலோ துருத்தியை இயக்குவது ஒன்று. இது சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுழன்றால் இதுவும் உடனே சுழலும். ஆனால் அதைச் சுழற்றுவதற்கு எஞ்சின் தன் வலிமையில் ஒரு பகுதியைக் கூலியாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்தப் புகையின் பாதையிலே ஒரு சிறு காற்றாடிச் சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்றை அழுத்தும் சக்கரம் ஒன்றை வைத்தால், வீணாகும் புகையே துருத்தியை ஊதும். இதுதான் டர்போசார்ஜர். இதன் சக்கரங்கள் உள்ளங்கையில் அடங்குவன. எனினும் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வன.

இந்த எண்ணத்திற்கு 1905-ஆம் ஆண்டில் உரிமைப் பட்டயம் பெற்றவர் ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஆல்பிரெட் பியூகி. எண்ணம் தோன்றியதற்கும் அது பயன்பட்டதற்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றன. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய கருவி பூட்டப்பட்டது. 1,750 குதிரைச் சக்தி தந்துவந்த வகை எஞ்சின் 2,500 குதிரைச் சக்தி தந்தது.

இதற்குள் அமெரிக்காவில் வேறொரு தேவை எழுந்தது. ஆகாய விமானம் மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. எஞ்சினும் மூச்சுத் திணறுகிறது. 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸான்போர்டு மாஸ் என்பவர் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு சென்றார். கடல் மட்டத்தில் 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் அந்த உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியபின் 356 தந்தது. மலையில் இழந்த மூச்சைப் புகையே மீட்டுத் தந்தது. உயரத்தில் இழந்ததை மீட்கும் இந்தக் குணம் பின்னர் மோட்டார் சைக்கிள் வரலாற்றிலும் பயன்படப் போகிறது.

எனினும் மோட்டார் சைக்கிளில் முதலில் புகழ்பெற்றது சூப்பர்சார்ஜர்தான். 1929-ஆம் ஆண்டு செப்டம்பரில், மியூனிக் நகரத்தை அடுத்த நெடுஞ்சாலையில், எர்ன்ஸ்ட் ஹென்னே என்ற ஜெர்மானிய வீரர் சூப்பர்சார்ஜர் பூட்டிய 750 சி.சி. பி.எம்.டபிள்யூ. வண்டியில் மணிக்கு 216.75 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அதன்பின் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் இத்தாலியரும் ஒருவரையொருவர் விரட்டினர். போட்டி 1937-இல் உச்சத்தை அடைந்தது. ஏப்ரல் மாதம் ஹங்கேரியில் கியோன் என்னுமிடத்துச் சாலையில், ஆங்கிலேயரான எரிக் பெர்னிஹோ புரோ சுபீரியர் வண்டியில் 273 கிலோமீட்டர் வேகம் கண்டார். அக்டோபரில் இத்தாலியரான பியரோ தருஃபி கிலேரா வண்டியில் அதை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மிஞ்சினார். நவம்பர் 28-ஆம் நாள் ஹென்னே, தகட்டு உறைக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு, 500 சி.சி. எஞ்சினைக் கொண்டே 279.5 கிலோமீட்டர் வேகத்தை நிலைநாட்டினார். மூன்று வண்டிகளிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது.

ஒரே ஆண்டில் மும்முறை கைமாறிய அந்தச் சாதனை, பின்னர் பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்றது. இடையே வந்த உலகப் போர் ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. இழந்த சாதனையை மீட்பதற்காக 1938 ஏப்ரலில் பெர்னிஹோ மீண்டும் அதே கியோன் சாலைக்குச் சென்றார். வண்டி நிலை தடுமாறியது, அவர் உயிரிழந்தார். ஹென்னேயோ 101 வயது வரை வாழ்ந்து 2005-இல் மறைந்தார். எஞ்சினுக்கு வலிமை ஊட்டும் கலையில் மனிதன் முன்னேறிவிட்டான்; அந்த வலிமையைச் சக்கரமும் சட்டமும் சாலையும் தாங்குமா என்று அறியும் கலையில் பின்தங்கியிருந்தான். இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை இவ்வரலாற்றில் மேலும் பலமுறை காண்போம்.

போருக்குப் பின், 1946-இல், பன்னாட்டு மோட்டார் சைக்கிள் சம்மேளனம் சுற்றுப் பந்தயங்களில் சூப்பர்சார்ஜரைத் தடைசெய்தது. நேர்ச்சாலை சாதனைகளுக்கு அத்தடை இல்லை. ஆகவே 1951-இல் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் சூப்பர்சார்ஜர் பூட்டிய என்.எஸ்.யூ. வண்டியில் மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி ஹென்னேயின் சாதனையை முறியடித்தார். 1956-இல் அவரே அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குச் சென்று 330 கிலோமீட்டரைத் தாண்டினார். அவர் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? ஐரோப்பியச் சாலைகள் அந்த வேகத்துக்குக் குறுகிப் போய்விட்டன. அவர் போன இடம் யூட்டா மாநிலத்திலுள்ள பானவில் உப்பு வெளி.

ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்து வற்றிப்போன நிலம் அது. மழைக்காலத்தில் அதன்மேல் நீர் தேங்கும். கோடையில் நீர் ஆவியாகி, தளம் போட்டாற்போல் வெண்மையான உப்புப் படிந்து இறுகும். புல் இல்லை, மரம் இல்லை, மேடு பள்ளம் இல்லை. கறுப்புக் கோடு ஒன்றைத் தரையில் தீட்டி, அதைக் கண்ணால் பற்றிக்கொண்டு மைல் கணக்கில் நேரே போகலாம். சாதனைக்கு விதி உண்டு. வண்டி ஒரு திசையில் ஓடி, இரண்டு மணி நேரத்திற்குள் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே சாதனை. காற்று ஒரு பக்கம் உதவினால் மறுபக்கம் தடுக்கும்; அதனால் கணக்கு நேராகிவிடும்.

அந்த வெளிக்கு ஒரு குறையும் உண்டு. அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பெங்களூரைக் காட்டிலும் உயரம். காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் வண்டியை எதிர்க்கும் தடை குறையும், அது லாபம். ஆனால் எஞ்சினின் மூச்சும் குறையும், அது நஷ்டம். இங்கேதான் மாஸ் மலையுச்சியில் கண்ட உண்மை பயன்படுகிறது. டர்போசார்ஜர் இழந்த மூச்சை மீட்டுக் கொடுத்துவிட்டால், லாபம் மட்டுமே மிஞ்சும்.

வேகத்தின் கணக்கு எவ்வளவு கொடியது என்பதையும் கருத வேண்டும். வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், காற்றின் தடையை வெல்ல எட்டு மடங்கு வலிமை வேண்டும். வண்டியின் உருவத்தை மீனைப் போல ஒழுங்குபடுத்தி இத்தேவையைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஆகவே உப்பு வெளிக்கு வந்த ஒவ்வொருவரும் வலிமையைத் தேடினர். அவர்களில் பெரும்பாலோர் பெரிய தொழிற்சாலைகளின் தலைவர்கள் அல்லர். பழைய எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைத்தொழிலாளிகள், கடைக்காரர்கள், பந்தய வீரர்கள்.

அவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டான் வெஸ்கோ. 1970-இல் யமஹா எஞ்சின்கள் பூட்டிய வண்டியில் மணிக்கு 250 மைல் வேகத்தை முதன்முதலில் தாண்டியவர் இவர். 1975-இல் இரண்டு யமஹா எஞ்சின்களை ஒரே உறைக்குள் வைத்து 302.92 மைல் வேகத்தை எட்டி, 300 மைல் எல்லையைத் தாண்டிய முதல் மோட்டார் சைக்கிள் வீரரானார். அவ்விரு வெற்றிகளும் இருவீச்சு எஞ்சின்களால் வந்தவை. அடுத்த முயற்சிக்கு அவர் நால்வீச்சு எஞ்சினுக்கும் டர்போசார்ஜருக்கும் மாறினார்.

அவர் தேர்ந்தெடுத்தது கவாஸாகி நிறுவனத்தின் நான்கு ஸிலிண்டர் எஞ்சின். 1972-இல் 903 சி.சி. அளவில் வெளிவந்து, பின்னர் 1,015 சி.சி.யாக வளர்ந்த எஞ்சின் அது. கடையில் பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் தெரு வண்டியின் எஞ்சின்தான். காற்றால் குளிர்வது, கட்டமைப்பில் எளிமையும் பலமும் உடையது. அத்தகைய இரண்டு எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, டர்போசார்ஜர் பூட்டி, 21 அடி நீளமுள்ள சுருட்டு வடிவக் கூட்டுக்குள் வெஸ்கோ அடக்கினார். "மின்னல் வீச்சு" என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஓட்டுபவர் அதனுள்ளே மல்லாந்த நிலையில் படுத்துக்கொள்ள வேண்டும்.

1978-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் அந்த வண்டி உப்பு வெளியில் இரு திசையும் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 318.598 மைல், அதாவது ஏறத்தாழ 512.7 கிலோமீட்டர். ஒரு மைலைக் கடக்கப் பதினோரு விநாடியும் சொச்சமுமே ஆயிற்று. இந்தச் சாதனையைப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரும் அசைக்க முடியவில்லை. 1990 ஜூலையில்தான் டேவ் காம்போஸ் என்பவர் இரண்டு ஹார்லி-டேவிட்ஸன் எஞ்சின்கள் பூட்டிய வண்டியில் 322.15 மைல் வேகம் கண்டு அதை மிஞ்சினார். மிஞ்சியது நான்கு மைலுக்கும் குறைவே.

அதே 1978-ஆம் ஆண்டில், அதே கவாஸாகி எஞ்சினுக்கு, அதே அமெரிக்க நாட்டில், டர்போசார்ஜரால் மற்றொரு அனுபவம் நேர்ந்தது. கவாஸாகியின் 90 குதிரைச் சக்தி தெரு வண்டி ஒன்றில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் டர்போசார்ஜரைப் பூட்டி, விற்பனையாளர்கள் வழியாக வெளியிட்டனர். இரண்டு ஆண்டுகளில் சில நூறு வண்டிகளே விற்றன. அவற்றை வாங்கியவர்களுக்கு வழக்கமான உத்தரவாதம் கிடையாது. எஞ்சின் ஒன்று, கருவி ஒன்று, ஆண்டும் ஒன்று. உப்பு வெளியில் உலகப் புகழ். தெருவிலோ உத்தரவாதமற்ற பண்டம். இதற்குக் காரணம் என்ன? இதை ஆராய்ந்தால் பழைய எஞ்சினுக்கு டர்போசார்ஜர் பூட்டும் கலையின் முழு உண்மையும் விளங்கும்.

முதற் காரணம், தொடக்கத்தில் கூறிய தாமதம். புகை பெருகினால்தான் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால்தான் காற்று அழுந்தும். காற்று அழுந்தினால்தான் புகை மேலும் பெருகும். உப்பு வெளியில் ஓட்டுபவர் கைப்பிடியை ஒருமுறை திறந்தால் ஓட்டம் முடியும்வரை மூடுவதில்லை. இரண்டு விநாடித் தாமதம் அங்கே ஒரு பொருட்டன்று. தெருவிலோ வளைவுக்கு வளைவு கைப்பிடியை மூடித் திறக்க வேண்டும். வளைவின் நடுவில் திறந்த கைப்பிடிக்குப் பதில் உடனே வருவதில்லை. வண்டி இன்னும் சாய்ந்திருக்கும் வேளையில், எதிர்பாராத கணத்தில், மொத்தமாக வருகிறது. இரண்டு சக்கர வண்டியில் பின்சக்கரம் அப்போது நழுவினால், நான்கு சக்கர வண்டியைப் போல அது தாங்கி நிற்காது.

இரண்டாவது காரணம் வெப்பம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தவர் இதை அறிவர். முப்பது டிகிரியில் உள்ளே போகும் காற்று, வளிமண்டல அழுத்தத்தின் பாதியளவு கூடுதலாக அழுத்தப்பட்டால், வெளியே வரும்போது எண்பது டிகிரியைத் தாண்டிவிடும். அதை ஸிலிண்டர் மேலும் நெருக்கும்போது, தீப்பொறியின் அலை வந்து சேருமுன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்துவிடுகிறது. மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்று குறிப்பிடும் ஓசை இதுதான். வெளியே கேட்பது சிறு தட்டு ஓசை. உள்ளே பிஸ்டனின் தலைமேல் விழுவதோ சம்மட்டி அடி. அடி தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். உப்பு வெளியில் ஓடுபவர் இதைத் தவிர்க்க உயர்ந்த எரிபொருளைக் கையாளலாம். தெருவில் ஓடுபவர் வழியிலுள்ள பெட்ரோல் நிலையம் கொடுப்பதைக் குடித்தாக வேண்டும்.

மூன்றாவது காரணம் கார்புரேட்டரின் இடம். பழைய எஞ்சின்களில் டர்போசார்ஜர் பூட்டியோர் பெரும்பாலும் நான்கு கார்புரேட்டர்களையும் எடுத்துவிட்டு, ஒரே கார்புரேட்டரை டர்போசார்ஜருக்கு முன்னே வைத்தனர். பெட்ரோல் கலந்த காற்றையே சக்கரம் உறிஞ்சி அழுத்தும். ஏற்பாடு எளிது, செலவும் குறைவு. ஆனால் நீண்ட குழாய்களின் சுவரில் பெட்ரோல் துளிகளாகப் படியும். குளிர்ந்த எஞ்சின் இடறும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை நடுவில் வைக்கவும் வழியில்லை. அதனுள் எரியும் கலவை நிறைந்திருப்பது ஆபத்து. கார்புரேட்டரை டர்போசார்ஜருக்குப் பின்னே வைத்தால் இக்குறைகள் நீங்கும். ஆனால் அழுத்தக் காற்று கார்புரேட்டரை எதிர்த்துத் தள்ளாதபடி, அதன் பெட்ரோல் கிண்ணத்துக்கும் பெட்ரோல் குழாய்க்கும் அதே அழுத்தத்தைக் கூட்டித் தர வேண்டும். ஒரு குறையை நீக்கினால் மற்றொரு வேலை வந்து நிற்கிறது.

நான்காவது காரணம், பழைய எஞ்சினின் எலும்புகள். கவாஸாகியின் கிராங்க் தண்டு ஒரே துண்டன்று. பல பகுதிகளை இறுக்கிச் செருகி அமைத்தது. தெருவின் வழக்கமான வலிமைக்கு அது மிகப் பலமானது. வலிமை அளவு கடந்தபோது அந்தப் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டன. பந்தயக்காரர்கள் அவற்றை வெல்டிங் செய்து பிணைத்தனர், பிஸ்டனை மாற்றினர், ஸிலிண்டர் தலையின் போல்ட்டுகளையும் கிளட்ச்சையும் வலுப்படுத்தினர். ஓட்டம் முடிந்ததும் கழற்றிச் சோதித்தனர். கடையில் கருவியை வாங்கி வீட்டிலே பூட்டியவர்களில் பலர் துருத்தியை மாற்றினார்களே தவிர, உலையை மாற்றவில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் புகைவழிக் கதவைச் சற்றே இறுக்கினால் இன்னும் கொஞ்சம் வலிமை கிடைக்கும் என்ற ஆசை வேறு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியவருக்கு எல்லை எங்கே என்பது எஞ்சின் உடைந்தபிறகே தெரிந்தது.

தொழிற்சாலைகள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. ஹோண்டா நிறுவனம் 1982-ஆம் ஆண்டு வெளியிட்ட 500 சி.சி. டர்போ வண்டியில் ஸிலிண்டரின் நெருக்க விகிதத்தை 10-லிருந்து 7.2 ஆகக் குறைத்தது. பிஸ்டன்களை அடித்து உருவாக்கியது; கார்புரேட்டரை விட்டு மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சியது. 50 குதிரைச் சக்தி வண்டி 82 தந்தது. தொடர்ந்து யமஹாவும் சுஸுகியும் டர்போ வண்டிகளை வெளியிட்டன. 1983-இல் கவாஸாகி தன் 750 சி.சி. வண்டியில் டர்போசார்ஜரைப் புகை வெளிவரும் வாய்க்கு அருகிலேயே வைத்துத் தாமதத்தைக் குறைத்து, 112 குதிரைச் சக்தி கண்டது.

இவ்வளவு செய்தும் அவை நிலைக்கவில்லை. எடை கூடியது, விலை கூடியது, பழுது பார்ப்பது கடினமாயிற்று. டர்போசார்ஜர் இல்லாத பெரிய எஞ்சின் அதே வலிமையைத் தாமதமின்றிக் குறைந்த விலைக்குத் தந்தது. 1983 ஏப்ரலில் 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்கள் மீது அமெரிக்க அரசு பெருந்தீர்வையும் விதித்தது. 1980-களின் நடுப்பகுதி கடந்ததும் நான்கு நிறுவனங்களும் டர்போ வண்டிகளைக் கைவிட்டுவிட்டன. வெகு காலத்திற்குப் பின், 2015-இல், கவாஸாகி காற்றழுத்தும் எஞ்சினோடு மீண்டும் வந்தது. ஆனால் புகையால் சுழலும் கருவியோடு அன்று, பல்சக்கரத்தால் சுழலும் சூப்பர்சார்ஜரோடு. 2024-இல் ஹோண்டா மின்மோட்டாரால் சுழலும் காற்றழுத்தி பூட்டிய மூன்று ஸிலிண்டர் எஞ்சினை மிலான் கண்காட்சியில் வைத்தது. இரண்டின் நோக்கமும் அந்தச் சில விநாடித் தாமதத்தை வெல்வதே.

உப்பு வெளியிலோ டர்போசார்ஜரின் ஆட்சி ஓங்கியது. 2006 செப்டம்பரில் ராக்கி ராபின்ஸன் என்பவர், மைக் அகாடிஃப் அமைத்த வண்டியில், டர்போசார்ஜர் பூட்டிய இரண்டு சுஸுகி ஹயபுஸா எஞ்சின்களைக் கொண்டு 342.797 மைல் வேகத்தை எட்டினார். அவையும் தெரு வண்டியின் எஞ்சின்களே. இரண்டே நாளில் கிறிஸ் கார் என்பவர், டெனிஸ் மானிங் அமைத்த டர்போ வண்டியில், 350.884 மைல் கண்டு அதைப் பறித்தார். சாதனை அவர்களுக்குள்ளேயே நான்காண்டுகள் மாறி மாறிச் சென்றது. கடைசியில் 2010 செப்டம்பர் 25-ஆம் நாள் ராபின்ஸன் 376.363 மைல், அதாவது 605 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை நிலைநாட்டினார். அதன்பின் உப்புப் படிவம் மெலிந்து வருவது பெருங்கவலையாயிற்று. 2014, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் அங்கு நடைபெறும் வேக வாரமே தரையின் நிலையால் கைவிடப்பட்டது. எஞ்சின் எவ்வளவு வலிமை பெற்றாலும், அது காலூன்ற நிலம் வேண்டுமல்லவா?

பழைய மோட்டார் சைக்கிளை அன்போடு காப்பாற்றி வைத்திருக்கும் இளைஞர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். டர்போசார்ஜர் கருவி விலைக்குக் கிடைக்கிறது; பூட்டிப் பார்க்கும் ஆசையும் இயல்பானதே. ஆசை கொள்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வலிமை கூடும் என்பதன்று. கூடிய வலிமையை எது எது தாங்க வேண்டும் என்பதே. நெருக்க விகிதம், பிஸ்டன், கிராங்க் தண்டு, கிளட்ச், சங்கிலி, சட்டம், டயர், பிரேக் என்று அந்தப் பட்டியல் நீளும். டர்போசார்ஜரின் அச்சு எஞ்சின் எண்ணெயில் மிதந்தே சுழல்கிறது. ஆகவே ஓடிக் களைத்த எஞ்சினை உடனே நிறுத்தாமல் சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லையேல் தங்கிய எண்ணெய் சூட்டில் கருகி அச்சை அரிக்கும். நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாகப் பொதுச் சாலை வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. மூடிய களத்தில், தகுந்த காப்போடு, அறிந்தவர் துணையோடு செய்ய வேண்டிய சோதனையைத் தெருவிலே செய்தால், அதன் விலையை வழியே போகும் பிறரும் கொடுக்க நேரும்.

டான் வெஸ்கோவின் வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தியோடு முடிக்கலாம். மோட்டார் சைக்கிளில் தாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த அவர் பின்னர் காருக்கு மாறினார். 2001 அக்டோபரில், தம் 62-ஆம் வயதில், அதே உப்பு வெளியில், ஹெலிகாப்டரின் டர்பைன் எஞ்சினைச் சக்கரங்களோடு பிணைத்த காரில் மணிக்கு 458 மைல் வேகம் கண்டார். மறு ஆண்டு காலமானார். ஒரு காலத்தில் புகைக்குழாயின் ஓரத்தில் உள்ளங்கையளவு துணைக் கருவியாய் நின்ற டர்பைன், அவர் கையில் எஞ்சினாகவே ஆகிவிட்டது. 1970-இலிருந்து 2001 வரை முப்பத்தோராண்டுகள் அவர் படிப்படியாக ஏறினார். ஒவ்வொரு படியிலும் புதிய வலிமையைத் தேடியதோடு, அதைத் தாங்கும் உடலையும் அமைத்துக்கொண்டார்.

வீணாகும் புகையிலிருந்து வேகத்தைப் படைத்தது மனித அறிவின் பெருமைதான். ஆனால் வலிமையை இலவசமாகத் தரும் கருவி எதுவும் இல்லை. டர்போசார்ஜர் எஞ்சினிடம் கூலி கேட்பதில்லை. எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பிடமும், அதன்மேல் அமர்ந்திருப்பவனிடமும் கேட்கிறது. அந்தக் கூலியை முன்கூட்டியே கணக்கிட்டவர்கள் உப்பு வெளியிலிருந்து நலமாகத் திரும்பினார்கள்.